நான் சாப்பிடாத மட்டி

எசன் நகரில் ஓர் இத்தாலிய உணவகத்தில் இருபத்தாறு வருடமாக நான் சமையல்காரன். அங்கே வருகிறவர்கள் அதிகம் கேட்பது மட்டிச் சிப்பி போட்ட ஸ்பகெட்டி. எத்தனை ஆயிரம் தட்டு அனுப்பியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதில் ஒரு மட்டியைக்கூட நான் வாயில் வைத்ததில்லை. நான் சைவம். யாழ்ப்பாணத்தில் பிறந்த வீட்டில் சைவம், ஜேர்மனிக்கு அகதியாக வந்து இறங்கிய நாளிலும் சைவம், இன்றைக்கும் சைவம். முகாமில் மாதக்கணக்காகப் பாணும் ஜாமும் தின்று கிடந்தபோது கூட இருந்தவர்கள் "உனக்கென்ன விசரோ?" என்று கேட்டார்கள். ஊரை விட்டாச்சு, படிப்பை விட்டாச்சு, இது ஒன்றையாவது கையில் வைத்துக்கொள்கிறேன் என்று விடாப்பிடியாக நின்றேன். பிடிவாதம் எனக்குப் பிறவிக் குணம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சைவக்காரன் மட்டி சமைக்கப் போன கதை சின்னதுதான். முதல் இரண்டு வருடம் அந்த உணவகத்தில் கோப்பை கழுவினேன். ஒரு வெள்ளிக்கிழமை, மேசையெல்லாம் நிறைந்திருந்த நேரத்தில், சமையல்காரர் முதலாளியோடு சண்டை பிடித்துக்கொண்டு ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய்விட்டார். முதலாளி தெற்கு இத்தாலியின் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். பெரிய தொண்டை, பெரிய மனது. என்னைத் தோளில் பிடித்துத் திருப்பி அடுப்புக்கு முன்னால் நிறுத்தினார்.

"இரண்டு வருடம் பார்த்துக்கொண்டுதானே நின்றாய். செய்" என்றார்.

செய்தேன். எதற்குப் பிறகு எது போகும், உள்ளிப்பூண்டு எந்த நிறத்தில் இருக்கும்போது வைன் ஊற்ற வேண்டும், ஓடு எப்போது திறக்கும் எல்லாம் பார்த்தே எனக்குப் பாடம். தட்டு வெளியே போகுமுன் அவர் கேட்டார்: "ருசி பார்த்தாயா?" நான் "ஓம்" என்று தலையாட்டினேன். பச்சைப் பொய். "நான் சைவம், பார்க்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தால் அடுத்த நிமிடமே கோப்பை கழுவத் திரும்பியிருப்பேன்.

அந்தப் பொய்யைக் காப்பாற்ற ஒரு வித்தை பழகினேன். கரண்டியால் சாற்றைத் தொட்டு எடுப்பேன். குளிர்பெட்டிப் பக்கம் திரும்புவேன். மூக்குக்குக் கீழே பிடித்து நன்றாக மணந்து பார்ப்பேன். பிறகு "ம்ம்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுக் கரண்டியைக் கழுவப் போட்டுவிடுவேன். பின்னால் நிற்பவருக்கு நான் சுவைப்பது போலத்தான் தெரியும். எங்கள் வீட்டிலும் படைக்குமுன் யாரும் ருசி பார்ப்பதில்லை, எச்சிலாகிவிடும் என்று. அம்மா மணத்தை வைத்தே உப்புப் புளி சொல்லுவா. அந்தப் பழக்கத்தில் வந்தவனுக்கு இது பெரிய காரியமாகப் படவில்லை.

ஆனால் முதல் வருடம் தட்டுகள் பாதி உணவோடு திரும்பி வந்தன. முதலாளி தலையைச் சொறிந்தார். நல்லவேளையாக அந்த வருடக் கடைசியில் என் மனைவி ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தாள்.

அவள் வடமராட்சிக் கடற்கரைக்காரி. மீனைக் கண்ணால் பார்த்தே எப்போது பிடித்தது என்று சொல்வாள். எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டாரும் முகத்தைச் சுளித்தார்கள். என் வீட்டார் மீன் மணத்துக்கு, அவள் வீட்டார் என் கத்தரிக்காய்க்கு. எசனில் எங்கள் குசினியில் அன்றிலிருந்து இன்றுவரை இரண்டு தொகுதிச் சட்டிபானை. மீன் பால்கனியில் மின்சார அடுப்பில் வேகும். வெள்ளிக்கிழமைகளில் அதுவும் இல்லை. எனக்காக அவள் விட்டுக்கொடுத்த நாள் அது.

வந்து ஒரு கிழமையில் நான் கடையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியில் மட்டி ஸ்பகெட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த நாள் காலையில் சூடாக்கித் தின்று பார்த்தாள்.

"இதென்ன, வைன்தான் மணக்குது. மட்டி எங்க?" என்றாள். "இதை இவ்வளவு நேரம் ஏன் அவிச்சனீங்கள்? றப்பர் மாதிரிக் கிடக்கு. ஓடு வாயைத் திறந்த உடன இறக்க வேணும். மிளகை அரைச்சுப் போடாதேங்கோ, இடிச்சுப் போடுங்கோ. கடைசியில தேசிக்காய்த் தோலைக் கொஞ்சம் துருவிப் பாருங்கோ."

சொன்னபடி செய்தேன். ஒரு மாதத்தில் தட்டுகள் துடைத்து வைத்தது போலத் திரும்பி வரத் தொடங்கின. தேசிக்காய்த் தோலை, அந்த எலுமிச்சை மணத்தை, முதலாளி தன் கடையின் ரகசியம் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டார். அன்றிலிருந்து கிழமைக்கு ஒரு பெட்டி வீட்டுக்குப் போகும். புதிதாக ஏதாவது செய்தால் அதற்கும் ஒரு பெட்டி. "உப்புக் காணாது", "எண்ணெய் கூடிப்போச்சு", "இது நல்லாயிருக்கு, இதிலயே நில்லுங்கோ" என்று அவள் சொல்வாள். நான் அடுத்த நாள் அதைச் செய்வேன்.

இனி என் வெட்கத்தைச் சொல்ல வேண்டும். எசனில் கல்யாண வீடு, பிறந்தநாள் விழா என்று எங்கே போனாலும் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு கதை சொல்வேன். "மீன் மச்சம் தொடாத ஆள் நான். ஆனா மணத்திலயே சொல்லிப்போடுவன். நாக்குத் தேவையில்லை, மூக்குக் காணும்." கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவள் பக்கத்தில் இருந்து சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சிரிப்பாள். ஒரு நாள்கூட அவளைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று நினைத்ததும் இல்லை. சொல்லிச் சொல்லி, என் மூக்குத்தான் எல்லாம் செய்தது என்று நானே நம்பிவிட்டேன்.

போன வருடம் முதலாளிக்கு முழங்கால் ஏலாமல் போய்விட்டது. கடையை நடத்தும் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். இந்த வசந்தத்தில் தொலைபேசியில் கூப்பிட்டார். "கடையை உனக்குத் தர யோசிக்கிறேன். வேறொருவரும் கேட்கிறார். அவருக்குக் கொடுத்தால் பெயர்ப்பலகையை இறக்கி வேறு கடையாக்கிவிடுவார். ஆனால் பலகையில் இருப்பது என் ஊரின் பெயர். அந்த ஊரைப் பார்க்காதவனுக்கு எப்படிக் கொடுப்பேன்? இலையுதிர்காலத் தொடக்கத்தில் வா. கோடைக்கு வந்த கூட்டம் போயிருக்கும், கடல் சூடாகவே இருக்கும். என் அக்காவும் உன்னைப் பார்க்க வேண்டும். அவள் சரி என்றால் சரி."

அந்த ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எசனில் எந்தக் கடை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். எனக்கு வயது ஐம்பத்தாறு. கடை கைமாறினால் இந்த வயதில் யார் புதிதாக வேலை தருவார்கள்? அதைவிட, அந்த அடுப்புக்கு முன்னால் இன்னொருவன் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அந்தக் கடை எனக்கு வேண்டும். ஆசை என்று சொன்னால் குறைவு.

எங்களுக்குப் பயணம் என்றால் பாரிஸில் கல்யாணம், லண்டனில் சாமத்தியவீடு, சூரிச்சில் செத்தவீடு. தெரிந்தவர்கள் இல்லாத ஊருக்கு வெறுமனே போய்வருவது எங்கள் பழக்கத்தில் இல்லை. ஆகவே மனைவி இதையும் ஒரு வீட்டு விசேஷமாகவே எடுத்துக்கொண்டாள். இரண்டு நாள் இருந்து பயத்தம் பணியாரம் சுட்டாள், முறுக்குப் பிழிந்தாள். பெட்டியில் உடுப்புக்கு இடமில்லை.

"இத்தாலிக்காரருக்குப் பயத்தம் பணியாரம் எதுக்கப்பா?" என்றேன்.

"வெறுங்கையோட ஒரு வீட்டுக்குப் போறதோ? உங்கட முதலாளியின்ர தமக்கை என்ன நினைப்பா?"

ஒக்டோபர் முதல் கிழமை டுசில்டோர்வில் விமானம் ஏறி, நாப்போலியில் இறங்கி, அங்கிருந்து சின்ன ரயிலில் போனோம். எசனில் கூரை நனைந்துகொண்டிருந்தது. இங்கே ரயில் யன்னலுக்கு வெளியே வேலிகளில் கள்ளிப்பழம் சிவந்து கிடந்தது. நிலையத்தில் இறங்கியதும் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். இருபத்தாறு வருடமாக என் ஏப்ரனில், மெனு அட்டையில், கடை வாசலில் பார்த்த அதே எழுத்துகள். இங்கே நீலப் பலகையில் சாதாரணமாக, துருப்பிடித்து நின்றன. எனக்குக் கண் கலங்கியது. இந்தப் பெயரை எசனில் இத்தனை பேரின் வாயில் ருசியாக வைத்தது நான் என்று பெருமையாகவும் இருந்தது. அந்த ருசி என்னவென்றே தெரியாதவன் என்ற உறுத்தலும் கூடவே இருந்தது.

முதலாளியின் வீட்டுச் சாப்பாடு ஒரு மணிக்கு. நேரம் இருந்ததால் கடற்கரைக்குப் போனோம். குளிக்கும் இடத்துக் குடைகளை மடக்கி அடுக்கி வைத்திருந்தார்கள். உடுப்பு மாற்றும் மரப் பெட்டிகளை இரண்டு பேர் பலகை பலகையாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஊரவர்கள் குளிர் வந்துவிட்டது என்று கம்பளிச் சட்டையில் வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கோ வியர்த்தது. மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நேரே தண்ணீருக்குப் போனாள். ஈர மணலில் நின்று காலைத் திருகினாள். குனிந்து விரலைவிட்டுத் தோண்டி எதையோ எடுத்துத் தண்ணீரில் அலசி என்னிடம் நீட்டினாள்.

"மட்டி" என்றாள். "எங்கட கடலிலையும் இப்பிடித்தான். காலுக்குள்ள நெருடும்."

வலை திருத்திக்கொண்டிருந்த ஒரு கிழவர் அதைப் பார்த்துக் கையைத் தட்டினார். அவர் என்னவோ சொல்ல, இவள் தமிழில் என்னவோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். சீலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு நின்ற அவளைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்று பெரிய மட்டிகளை எனக்குத் தந்துவிட்டு இன்னும் தேடப் போனாள். நான் அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

முதலாளியின் அக்கா சின்ன உருவம். எண்பது வயதுக்கு மேல். வெள்ளை முடியை இறுகக் கட்டியிருந்தார். பணியாரப் பெட்டியை வாங்கி, திறந்து, ஒன்றைக் கடித்து, இன்னொன்றைக் கடித்து, மூடித் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். மனைவி என்னைப் பார்த்து "சொன்னேனா இல்லையா" என்பது போலக் கண்ணைக் காட்டினாள். அக்காவுக்கு இத்தாலி மொழி மட்டுமே தெரியும். நானும் முதலாளியும் ஜேர்மன்காரரின் டொச் மொழியில் பேச, அவர் அக்காவுக்கு மாற்றிச் சொன்னார்.

மேசைக்குப் போனோம். அக்கா ஒரு பெரிய தட்டைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார். மட்டி ஸ்பகெட்டி. என்னைக் கௌரவிக்கத்தான். மற்றவர்களுக்கும் பரிமாறிவிட்டு, மூன்று பேரும் கரண்டியைத் தொடாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விருந்தாளி முதலில் சாப்பிட வேண்டும்.

முள்ளுக்கரண்டியை எடுத்தேன். குளிர்பெட்டிப் பக்கம் திரும்ப இங்கே குளிர்பெட்டி இல்லை. சுருட்டினேன். தூக்கினேன். கீழே வைத்தேன்.

"எனக்கு ஏலாது" என்றேன்.

"சுகமில்லையா?" என்று கேட்டார் முதலாளி.

"சுகம்தான். நான் இதைச் சாப்பிடுவதில்லை. ஒரு நாளும் சாப்பிட்டதில்லை."

"ஒரு நாளும் என்றால்?"

"இருபத்தாறு வருடமாக. அன்றைக்கு நீங்கள் கேட்டபோதும் ருசி பார்க்கவில்லை. பொய் சொன்னேன்."

முதலாளியின் வாய் திறந்தபடியே இருந்தது. நான் வெள்ளிக்கிழமை விரதம் என்பது அவருக்குத் தெரியும். மற்ற நாட்களில் தக்காளி ஸ்பகெட்டியே தின்கிறேன் என்றும் தெரியும். சிக்கனக்காரன் என்று நினைத்திருந்தாராம். நடந்ததை அக்காவுக்குச் சொன்னார். அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பிறகு எப்படித் தெரிந்தது அவனுக்கு?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பல வருடமாகத் தேய்த்து மினுக்கி வைத்த பதில் இருந்தது. மூக்கைத் தொட்டுக் காட்டினேன். மணத்திலேயே சொல்லிவிடுவேன் என்றேன். கல்யாண வீடுகளில் சொல்கிற அதே குரலில், அதே கையசைவோடு சொன்னேன். முதலாளியின் முகம் மெல்ல மலர்ந்தது. மேசையில் அடித்துச் சிரித்தார். "கேட்டாயா, மூக்கால் சமைத்திருக்கிறான்!" என்று அக்காவிடம் கத்தினார். தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். பக்கத்தில் மனைவி ஓட்டிலிருந்து மட்டியைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. எழுந்து குசினிக் கதவைத் திறந்து காட்டினார். கடல் தண்ணீர் நிறைந்த ஒரு பேசினில் இன்னும் மட்டிகள் கிடந்தன. "செய்யட்டும், பார்ப்போம்" என்றார்.

எனக்கு உற்சாகமாகிவிட்டது. கையை மடித்துவிட்டேன். மட்டியைக் கழுவினேன், எண்ணெய் சூடாக்கினேன், உள்ளியைப் போட்டேன், மட்டியைக் கொட்டினேன், வைனை ஊற்றி மூடினேன். மணம் எழும்பியது. எசனில் எழும்பும் அதே மணம். ஓடுகள் திறந்ததும் இறக்கி, வழக்கம்போல உப்புப் போத்தலில் கையை வைத்தேன். வாசலில் மனைவியின் குரல்.

"இஞ்சேருங்கோ, உப்புப் போடாதேங்கோ. இது இப்பத்தான் கடலுக்கால வந்தது."

"எனக்குத் தெரியும். நீர் போய் இரும்."

"நான் சொல்லுறதக் கேளுங்கோ..."

"இஞ்சேரும், இருபத்தாறு வருசம் செய்யிறன். போம்."

போனாள். நான் வழக்கமாகப் போடும் இரண்டு கிள்ளு உப்பைப் போட்டேன். எசனுக்கு மட்டி பொதியாகி வரும். நாங்கள் மூன்று தண்ணீரில் கழுவுவோம். அதற்கு அந்த உப்புத் தேவை. இங்கே ஒவ்வொரு ஓடும் தனக்குள் ஒரு மிடறு கடலை வைத்திருந்தது. உப்புக்கு மணம் கிடையாது. இது தெரியாமல் ஒருவன் இவ்வளவு காலம் மூக்கைப் பற்றிப் பீற்றிக்கொண்டு திரிந்திருக்கிறான்.

அக்கா ஒரு வாய் எடுத்தார். முள்ளுக்கரண்டியை வைத்தார். கிளாஸில் இருந்த தண்ணீரை முழுவதும் குடித்தார். தம்பியிடம் ஏதோ சொன்னார். முதலாளி அதை மொழிபெயர்க்காமல் தானும் ஒரு வாய் எடுத்தார். அவர் முகம் விழுந்துவிட்டது.

"எசனில் ஒரு நாளும் இப்படி வந்ததில்லையே" என்றார். கோபம் இல்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

என் வாயில் சாட்டுகள் வரிசையில் நின்றன. அடுப்பு புதிது, சட்டி புதிது, பயணக் களை. முதலாவதைச் சொல்ல வாயெடுத்தபோது மனைவியின் தட்டைப் பார்த்தேன். அவள் அந்த உப்புக் கரிக்கும் ஸ்பகெட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிதானமாக, வாய் நிறைய. அக்கா திரும்பிப் பார்த்ததும் இவள் தலையை ஆட்டி "நல்லாயிருக்கு" என்று டொச்சில் சொன்னாள். கண்ணில் தண்ணீர் நின்றது அவளுக்கு. அவ்வளவு உப்பையும் என் மானத்துக்காக விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "இஞ்சேரும், காணும், வையும்" என்று அவள் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுபோனது, காலையில் அவள் தின்று பார்த்தது, வைனைக் குறைக்கச் சொன்னது, மிளகை இடிக்கச் சொன்னது. "நீங்கள் கடையின் ரகசியம் என்று சொல்வீர்களே, அந்தத் தேசிக்காய்த் தோல், அதுவும் இவள்தான். இப்போதும் உப்புப் போடாதே என்றாள். நான் கேட்கவில்லை. கை என்னுடையது. ருசி முழுக்க இவளுடையது." சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. ஆனால் இன்னொன்றும் நடந்தது. மூக்கைத் தட்டிக் காட்டிச் சொன்ன பெருமை எல்லாம் சேர்ந்தாலும் வராத ஒரு பெருமை, இவளைப் பற்றி வாய்விட்டுச் சொல்லும்போது நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்தது.

முதலாளி அதை அப்படியே அக்காவுக்குச் சொன்னார். அக்கா எழுந்து வந்து மனைவியின் கையைப் பிடித்துக் குசினிக்குக் கூட்டிப்போனார். நானும் பின்னால் போனேன்.

அடுப்பில் நான் நின்றேன், பக்கத்தில் அவள் நின்றாள். மிஞ்சியிருந்த மட்டியைப் போட்டோம். "வைன் காணும்." "இப்ப இறக்குங்கோ" என்று அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். கரண்டியை எடுத்து, ஊதி, எல்லாருக்கும் முன்னால் ருசி பார்த்தாள். ஸ்பகெட்டி அவிந்த தண்ணீரில் ஓர் அகப்பை எடுத்து ஊற்றினாள். மறுபடி பார்த்தாள். தேசிக்காயை எடுத்துத் துருவப் போனபோது அக்கா "வேண்டாம், வேண்டாம்" என்று கையை வீசினார். இந்த ஊரில் மட்டிக்கு அது போடுவதில்லையாம். மனைவி அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் துருவினாள். என் மனைவி யாருக்கும் பயந்து நான் பார்த்ததில்லை.

அக்கா நின்றபடியே ஒரு வாய் எடுத்தார். இரண்டாவது வாய் எடுத்தார். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு போய் மேசையில் தன் இடத்தில் வைத்து உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களுக்கு அந்தத் தட்டில் பங்கு கிடைக்கவில்லை. முதலாளி சட்டியை வழித்துத் தின்றார்.

"இதுதான்" என்றார். "இதுதான் என் கடை." மனைவியிடம் திரும்பி, "இத்தனை வருடம் ஏன் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை?" என்று டொச்சில் கேட்டார்.

முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள் அவள். நன்றாகவே டொச் பேசுவாள். ஆனால் அதற்குப் பதிலை என்னைப் பார்த்துத் தமிழில்தான் சொன்னாள்: "நீங்கள் பெருமையாக் கதைக்கேக்க உங்கட முகம் நல்லா இருக்கும். எனக்கு அதைப் பாக்கப் பிடிக்கும். அதான்."

முதலாளி உள்ளே போய் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். எசனில் சட்டத்தரணியைச் சந்திக்க எடுத்திருந்த டெர்மினுக்குக் கொண்டுபோக வேண்டிய கடிதம். கடையை யாருக்குக் கொடுக்கிறார் என்பதற்கு ஒரு கோடு காலியாக விட்டிருந்தது. என்னைப் பார்த்தார். "உனக்குத் தரமாட்டேன்" என்றார். பிறகு மனைவியைக் காட்டினார். "இவருக்குத் தருகிறேன். நீ இவரிடம் வேலை செய்."

அக்கா தலையை ஆட்டினார். எல்லாரும் மனைவியைப் பார்த்தோம். அவள் உடனே ஓம் என்று சொல்லவில்லை. கையைத் துடைத்தாள். துணியை மடித்து வைத்தாள். இந்தக் கடைக்காக நான் தவித்த தவிப்பெல்லாம் இப்போது அவள் ஒரு சொல்லில் நின்றது.

"ஒண்டு சொல்லுங்கோ அவருக்கு" என்றாள். "இனி நான் ஒளிச்சு ருசி பாக்க மாட்டன். குசினிக்குள்ள அடுப்புக்குப் பக்கத்தில நிண்டு, வேலை செய்யிற எல்லாற்ற முன்னாலயும் பாப்பன். நான் சொன்னாப் பிறகுதான் தட்டு வெளிய போகும். அதுக்கு நீங்களும் ஓம், அவரும் ஓம் எண்டால் எழுதச் சொல்லுங்கோ."

நான் அதை டொச்சில் சொன்னேன். ஒரு சொல்லையும் விடவில்லை. முதலாளி "சரி" என்றார். என்னைக் கேட்பதற்கு முன்பே நானும் சரி என்றுவிட்டேன்.

அவர் பேனையைத் திறந்து, "பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லு" என்றார். எங்கள் பெயர்கள் நீளம் என்று அவருக்குத் தெரியும். நான் தொடங்கினேன். அப்போதுதான் உணர்ந்தேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவளை நான் "இஞ்சேரும்", அதாவது "இங்கே பாரும்" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். எங்களில் ஆம்பிளைகள் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் குறைவு. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் அவள் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, அந்த வீடு முழுவதும் கேட்கும்படி, முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன்.